பால் டின்னுக்குள் நெளிந்த உயிர்

அந்தப் பால் டின்னை நான் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்த நாள் இன்னும் கண்ணுக்குள் மினுங்குகிறது.

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் நானும் கைக்குழந்தையும் அவருடைய அக்காவும்தான்; அவரை அண்ணி என்பேன். அரிசி கண்ணில் படாது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. கீரை தின்றால்தான் எனக்குப் பால் ஊறும் என்று அண்ணி கொல்லையில் பாத்தி கட்டினார். இரண்டு முறை விதைத்தோம். இரண்டு முறையும், மண்ணுக்குள் ஒளிந்திருந்த புழு முளையை அடியோடு நறுக்கிப்போட்டது. மிச்சம் ஒரு பிடி விதை.

வாழையடி ஈரத்தில் மட்டும் அந்தப் புழுக்கள் தாமாகவே செத்துத் துவண்டு கிடந்ததை அண்ணி பார்த்துவிட்டார். அவற்றைப் பொறுக்கி, பால் டின்னில் ஈர மணல்மேல் பரப்பி, அடுக்களை நிழலில் மூடி வைத்தார். பத்து நாளில் மணலெல்லாம் முடியைவிட மெல்லிய வெள்ளை நெளிவுகள், செத்த புழுவுக்குள்ளிருந்து வெளிவந்த குட்டிப் புழுக்கள். "இதுங்க அந்தப் புழுவத்தான் தின்னும் புள்ள, செடியத் தொடாது" என்றார். அடுக்களையில் புழு வளர்ப்பதா? என் அடுக்களையை எவளும் குறை சொன்னதில்லை. அண்ணி பாசாருக்குச் சாமான் வாங்கப் போன நேரம், டின்னில் கொதிநீரை ஊற்றி, சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா மின்னுதுடி மகாராணி. புள்ளைக்குப் பசிச்சா இதையே காட்டு" என்றார்.

மறுநாள் நானும் வாழையடியில் மண்டியிட்டுத் தோண்டினேன். நாலே நாலு செத்த புழு. என் கையாலேயே எடுத்து, அதே டின்னில் ஈர மணல்மேல் வைத்தேன். அந்த டின் என் கட்டிலுக்கு அடியில், குழந்தைக்கு நேர் கீழே இருந்தது. அரைத் தூக்கத்தில் மணல் மூச்சு விடுவதுபோல் கேட்கும். குழந்தையின் மூச்சா அதன் மூச்சா என்று தெரியாது. நெளிவு கண்டதும், வெயில் தணிந்த நேரம் பார்த்துத் தண்ணீரில் கரைத்துப் பாத்தியில் ஊற்றி, கடைசி விதையைத் தூவினோம். சில முளைகள் சாய்ந்தன. மற்றவை நின்றன. எனக்குப் பால் வற்றவில்லை.

சயாமுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. அண்ணியும் போய்ச் சேர்ந்தார். அந்தக் குழந்தைக்குத் தலை நரைத்துவிட்டது; கிள்ளானில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் செடிக்கென்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். "கண்ணுக்கே தெரியாத புழுவாம்மா. தண்ணில கலந்து ஊத்துனா செடி திங்கிற புழுவெல்லாம் செத்துருமாம். என்னென்னமோ புதுசா கண்டுபிடிக்கிறாங்க லா!"

நான் பெட்டியிலிருந்து அண்ணியின் டின்னை எடுத்துக் கொடுத்தேன், இதில் கலக்கு என்று.

"ஐயே, ஒரே அழுக்கு! சுடுதண்ணில கழுவிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.