வெந்நீரில் முக்காத செடி

என் அக்காவோடு பஸ்ஸில் போவது பெரும்பாடு. ஜன்னல் வழியே பெயர் தெரியாத செடி ஒன்று கண்ணில் பட்டால் போதும், அடுத்த நிறுத்தத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். ஹெர்பேரியத்தில் வேலை அவளுக்கு. செடிகளைப் பறித்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, இரண்டு பலகைகளால் இறுக்கி உலர்த்தி, அட்டையில் ஒட்டி அலமாரியில் அடுக்குவாள். வேர் இல்லாவிட்டால் அவளுக்கு அது செடியே இல்லை. தெருவில் 'சருகு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். துணி தேய்த்த நேரம் போக என் இஸ்திரிப் பெட்டி அவளுடைய ஈரத் தாள்களுக்கு உழைக்கும்.

போன மாதம் கல்குவாரிப் பாறை இடுக்கிலிருந்து தடித்த குட்டி இலைகளோடு ஒரு செடியைக் கொண்டுவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இது மாதிரி ஒண்ணு எங்க அலமாரியிலேயே இல்லடி. புதுசாத்தான் இருக்கும். ஆனா வெறும் மொட்டு. பூவைப் பாத்தாதான் உறுதியாச் சொல்ல முடியும்."

இந்த மாதிரிச் சதைப்பற்றுள்ள செடி பலகைக்குள் லேசில் சாகாது. முதலில் வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். நான் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அவள் பேசினாள், பேசிக்கொண்டே செடியைப் பலகைக்குள் வைத்து இறுக்கினாள். மறுநாள் வெளியூர் முகாமுக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பும் வழியில் குவாரியில் இறங்கிப் பூவோடு பறித்து வருவதாகத் திட்டம். தினமும் தாள் மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

திரும்பி வந்தவள் பையை மூலையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பாறையவே வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க. ஒரு செடிகூட மிச்சமில்ல. பூ இல்லாம அதைப் புதுசுன்னு யார் ஒத்துக்குவா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பூவா? அதான் முந்தாநாளே பூத்துருச்சே. மஞ்சளா."

"எது?"

"உன் பலகைக்குள்ள இருக்கே, அதுதான்."

"செத்த செடி எப்படிடி பூக்கும்?" என்று கேட்டபடியே கட்டிலுக்கு அடியில் பாய்ந்தாள். பலகைகளை வெளியே இழுத்தாள். இருந்த அவசரத்தில் அவற்றைக் கட்டியிருந்த வாரை அவளால் அவிழ்க்க முடியவில்லை. நான்தான் அவிழ்த்தேன். தட்டையாகக் கிடந்த செடியின் நுனி மட்டும் வளைந்து தாளின் ஓரத்தை எட்டியிருந்தது. அதில் மஞ்சள் பூக்கள் விரிந்திருந்தன.

"அன்னிக்கு நான் இதை வெந்நீர்ல முக்கவே இல்லையா?"

"அந்தத் தண்ணியிலதான டீ போட்டுக் குடிச்சோம்."

தொட்டதற்கெல்லாம் என்னைக் குறை சொல்லும் அக்கா, தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுப்படிக்கு ஓடினேன்.

"மறுபடி தண்ணி வைக்கட்டுமா?"

"கொஞ்சமா வை. பூவோட ஒரு கிளை போதும். உன் கத்தரிக்கோலைக் குடு."

துணி வெட்டும் கத்தரியை நான் யாருக்கும் தந்ததில்லை. தந்தேன். வேரையும் மீதிச் செடியையும், என் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து மண் நிரப்பி அதில் நட்டாள். கிளை உலர்ந்ததும் அட்டையில் ஒட்டினாள். வேர் இல்லாத ஒன்றை அவள் ஒட்டியது அதுதான் முதல் முறை.

அட்டையின் மூலையில் செடி வளரும் இடத்தை எழுத வேண்டும். 'குவாரிப் பாறை, இப்போது இல்லை' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குக் கீழே எழுதினாள்: 'தெரிந்தவரை உயிரோடு இருக்கும் ஒரே இடம், என் தங்கையின் பொத்தான் டப்பா.'