சிவப்புப் பூ வந்தது

இன்று வில்லியனூர் கோயிலில் நான், மகள் கயல், குருக்கள், மூன்று பேர்தான்.

கயல் கணினியில் போர் வியூக ஆட்டம் ஆடிப் போட்டிகளில் ஜெயிப்பவள். பெங்களூரு அணியொன்று கூப்பிட்டிருக்கிறது. இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். போகலாமா என்று சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிச் சாமியிடம் கேட்டோம்.

எடுத்த பொட்டலத்தை அவள் மெல்லப் பிரித்தாள். அவளுடைய ஆட்டத்தில் நாடெல்லாம் இருட்டாக இருக்கும். கால் வைத்த இடம் மட்டும் வெளுக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

சிவப்பு.

"சிவப்புன்னா இன்னாமா, போவலாமா?" என்றாள் கயல்.

குருக்கள் சிரித்தார். "அத நீங்கதானேம்மா முன்னாடியே நெனச்சிருக்கணும்!"

நான் நினைத்ததெல்லாம், எங்கிருந்தாலும் இவள் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதுதான். அதைச் சொன்னேன்.

"போம்மா! நீயெல்லாம் ஒரு பக்தையா?" என்றாள் கயல்.

மறுபடி கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் சிவப்பு வந்தால் போகச் சொல்வீர்களா? இன்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.