ஒரே ஒரு பச்சை பட்டன்

காலை ஒன்பது பத்துக்கு மாங்கூழ் ஆலை முதலாளி போன் செய்தார். "சூப்பருங்க. நான் வாயே தொறக்கல. வராதவள உங்க சாப்ட்வேரே தூக்கிடுச்சு."

நானும் சிரித்தேன். அன்று என் மகளுக்குக் காய்ச்சல். அலுவலகத்துக்குப் போனில் விடுப்பு சொல்லிவிட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து அந்த ஆலைக்கு வருகைப் பதிவு செயலியைச் செய்து கொடுத்தவன் நான். வராததற்குக் காரணம் சொல்ல, தொழிலாளர்களுக்கு அதில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். "இத்தன கேள்வி எதுக்குங்க? வந்ததும் அழுத்த சிம்பிளா ஒரு பச்ச பட்டன் போதும்" என்றார் முதலாளி. பக்கத்தை எடுத்துவிட்டேன். தொடர்ந்து சில நாள் பட்டனை அழுத்தாதவர் பெயர் தானாக நீங்கிவிடும். இவ்வளவு எளிமையா என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

மறுநாள் ஆலைக்குப் போனேன். வாசலில் காவலாளி ஒரு பெண்ணை மறித்துக்கொண்டிருந்தார். "பேரு இல்லம்மா. போன்னா போ." சித்தேரி மலையிலிருந்து வேலைக்கு வரும் மாதம்மா அவள். காய்ச்சலில் இறந்த மகளை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

நான் பக்கத்தில் போனேன். என்னை அதிகாரி என்று நினைத்துப் போனை நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். லீவு சொல்ல, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பாப்பாதான் இதுல தேடுச்சு. எடமே இல்லம்மான்னு சொல்லிச்சுங்க."