தடியன் எழுத்து

லிங்கராஜபுரத்தில் நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடையில் வேலை பார்த்த சரளாவுக்கு ஒரு ஆங்கில எழுத்துருவின் மேல் தனிப் பிரியம். அதற்கு வாலும் கிடையாது, கொக்கியும் கிடையாது. எழுத்துகள் தடித்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நெட்டையாக நிற்கும். முதலாளி கோவிந்தப்பா அதற்கு வைத்த பெயர் தடியன். ஒடுக்கமான தாளிலும் பெரிய வார்த்தை அடங்கும். பஸ்ஸில் போகிறவன் கண்ணிலும் படும். தள்ளுபடி விற்பனை, வாடகைக்கு வீடு, மூலத்துக்கு வைத்தியம் என்று அந்தப் பக்கத்துக் கம்பங்களில் ஒட்டியிருப்பதில் பாதி அவள் கைவேலைதான். ஊரே தன் எழுத்தைப் படிக்கிறது என்று கொஞ்சம் மிதப்பும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, அந்தச் சம்பளத்தில் வேறென்ன சுகம்.

அவளுடைய அப்பா அய்யாவு கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001-ல் சுரங்கம் மூடியதும் மகளோடு வந்து தங்கினார். வந்த கொஞ்ச நாளிலேயே புத்தி தடுமாறியது. விடியுமுன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். சரளா தெருமுனைவரை ஓடிப் பிடித்துக் கூட்டி வருவாள். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

போலீசில் சொல்லிவிட்டு நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். கம்பத்தில் ஒட்டுவதற்கான ஒடுக்கமான தாள். காணவில்லை என்பதை ஆங்கிலத்தில் தடியனில் போட்டாள், கன்னடத்திலும் அதே தடிமனில் போட்டாள், போதாதென்று இன்னும் பெரிசாக்கினாள். அப்பாவின் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போயிற்று. படத்தைப் பெரிசு பண்ணு என்று கோவிந்தப்பா சொல்லிப் பார்த்தார். எழுத்து கண்ணில் அடித்தால்தானே ஜனங்கள் நின்று பார்ப்பார்கள் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழில் தெரிந்தவள் அல்லவா.

கம்பம் கம்பமாக ஒட்டியும் ஒருவரும் போன் பண்ணவில்லை. மாதம் ஒன்று ஓடியபின், தாள் நிறைய முகம் மட்டும் தெரிகிற மாதிரி புது நோட்டீஸ் அடித்துக்கொண்டு பக்கத்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனாள். பழைய தாள் இன்னும் கம்பத்தில் இருந்தது. அதன்மேல் ஒட்டும்போது, பக்கத்தில் பூ விற்கும் ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பெரியவரா? இதே கம்பத்துக்குக் கீழதானேம்மா குந்திக்கினு இருந்தாரு. ஷிப்டு வண்டி வரும், ஷிப்டு வண்டி வரும்னே சொல்லிக்கினு இருந்தாரு. நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன். அப்பறம் ஒருநாளு எழுந்து போயிட்டாரு."

 அவர் தலைக்கு மேலேயே நோட்டீஸ் இருந்ததே என்று சரளா கேட்டாள்.

"அதுவா? ஏதோ தள்ளுபடி சேலுன்னு நெனச்சேம்மா. எங்க பாத்தாலும் அதே எழுத்துதானே."

எந்தப் பக்கம் போனார் என்று ஆரோக்கியமேரிக்குத் தெரியவில்லை. சரளா பசை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அப்பா உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.  எதிர்ச் சுவர் முழுக்கத் தடியன் நின்றான்; அத்தனையும் அவள் போட்டது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் அப்பா வண்டிக்குக் காத்திருந்திருக்கிறார்.