அனோஜினிக்குச் சொல்லாதேங்கோ

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் றெஜினா செய்யும் முதல் வேலை, தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து நிறுத்துவதுதான். தேத்தண்ணி பிறகு. உடுப்பு மாற்றுவதும் பிறகு. மொன்றியலில் மதியம் ஆகும்போது, ஸ்பெயினின் தெற்கே மலைச்சரிவில் கிடக்கும் அந்தச் சின்னக் கிராமத்தில் வெயில் சாயத் தொடங்கியிருக்கும். மகள் அனோஜினி அந்த நேரம் பார்த்துத்தான் அழைப்பாள்.

படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்கவென்று போனவள், மனுவெல் என்ற பையனைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டாள். கோவிட் காலத்துக் கலியாணம். பெற்றவர்கள் போக முடியவில்லை. பிறகு போகலாம், பிறகு போகலாம் என்று காலம் ஓடிவிட்டது. மனுவெலின் பழைய வீட்டில் சில அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விட்டு, வருகிறவர்களைக் காரில் ஏற்றிக் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரத்து இடங்களைக் காட்டுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. இந்த ஆவணியில் வரப்போகும் உல்லாசப் பயணிகள் அவளுடைய தாயும் தகப்பனும்.

"அம்மா, இதுதான் ரொண்டா. பாலத்தைப் பாத்தீங்களோ?"

திரையில் மலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவின் அடியிலிருந்து எழும்பிய கற்பாலம் இந்தக் கரை ஊரையும் அந்தக் கரை ஊரையும் கோத்துப் பிடித்திருந்தது.

"ஐயோ மாதாவே! கீழை பாக்கவே தலை சுத்துது. உந்த விளிம்பிலை ஏனடி நிக்கிறாய்? வயித்துப்பிள்ளையோடை! தள்ளி நில்லு!"

"கம்பி இருக்கம்மா. அப்பா எங்கை?"

"கொப்பர் குசினியுக்கை நிக்கிறார். இஞ்சேருங்கோ, நீங்கள் ஓடுற ட்றக் இந்தப் பாலத்திலை போகுமோ?"

"போகும், போகும்," என்றார் செபமாலை, தொலைபேசிக்குப் பின்பக்கம் நின்றபடியே. "திருப்பி எடுக்கத்தான் ஏலாது."

தாயும் மகளும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள். செபமாலை சிரிக்கவில்லை. தன் முகம் மகளின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பாவம், அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது. கோயில் பங்குச் சனம் எல்லோருக்கும் அது தெரியும். சீட்டெடுத்து முந்நூற்றிநாலு விளையாடினால், கையில் என்ன துருப்பு இருக்கிறதென்று அவருடைய முகமே சொல்லிக் கொடுத்துவிடும். மன்னார்த் தீவின் பேசாலைக் கடற்கரையில் பிறந்து, சண்டைக்குப் பயந்து வள்ளமேறி, நாடு நாடாக அலைந்து மொன்றியலுக்கு வந்தவர். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு உரிமம் எடுத்துத் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுக்கும் ட்றக் ஓட்டினார். இன்றுவரை அதுதான் தொழில். றெஜினாவுக்கு ஒரு கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கும் வேலை. நகரின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் இரண்டு அறை வீடு, ஒரே மகள், ஞாயிறு பூசை. அவ்வளவுதான் அவர்களுடைய வாழ்க்கை, அது போதுமென்றிருந்தவர்கள்.

சித்திரையில்தான் இடி விழுந்தது. சாப்பாடு செமிக்கவில்லை என்று போன றெஜினாவுக்குக் கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார் வைத்தியர். பிரெஞ்சில் ஒருமுறை, ஆங்கிலத்தில் மெதுவாக இன்னொருமுறை. ஆவணியைக் காண்பாளா என்று கேட்டதற்கு, கையை விரித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் றெஜினா அழவில்லை. கணவரின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள்.

"அனோஜினிக்குச் சொல்லாதேங்கோ. மடு மாதாவின்ரை பேரிலை சத்தியம் பண்ணுங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பெத்த பிள்ளையப்பா!"

"அதுக்குத்தான் சொல்லுறன். ரெண்டுதரம் கலைஞ்சுபோச்சு அவளுக்கு. இப்பதான் மூண்டாம் மாசம். இதைக் கேட்டாளெண்டால் தாங்குவாளோ? என்னாலை அந்தக் குஞ்சு போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

செபமாலை சத்தியம் பண்ணினார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் துக்கம் சொல்லக் கூடாது, தூரத்தில் தனியாக இருக்கிறவளுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. எங்கள் சனத்தில் இதையெல்லாம் பொய் என்று யார் சொல்கிறார்கள்? அன்பென்றே நினைக்கிறோம். அந்த அன்புதான் கழுத்தில் கட்டிய கல்லாகுமென்று அவருக்கு அன்று தெரியவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஓர் ஊர் வந்தது. நெர்ஹா குகைக்குள் மெழுகு வழிந்தது போலத் தொங்கும் கற்கள். கிரனாடாவில் சிவந்த கோட்டை. அதன் உள்முற்றத்தில் சிங்கங்கள் சுமக்கும் நீர்த்தொட்டி. ஒலிவ் தோட்டங்கள் முடியும் இடத்தில் ஓர் உப்பேரி; அதில் கால் நீண்ட பறவைகள் கூட்டமாக நின்றன.

"அப்பா, பாருங்கோ, ஃபிளமிங்கோ!"

"உது பூநாரையெல்லோ," என்று தன்னை மறந்து முன்னால் வந்துவிட்டார் செபமாலை. "மன்னார்ப் பக்கம் நிக்கிறதுதான்."

"அப்ப இஞ்சை வந்து அதோடை தமிழிலை கதையுங்கோ. அப்பா, என்ன, நல்லா மெலிஞ்சிட்டீங்கள்?"

"வேலை கூட, பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

"என்னைப் பார், நானும் மெலிஞ்சிட்டன்," என்று றெஜினா குறுக்கே புகுந்தாள். "ஸ்பெயினுக்கு வாறதெண்டு ஒவ்வொருநாளும் நடக்கிறன். மருமோன்ரை ஊர்ச்சனம் என்னைப் பாத்து, அனோஜினியின்ரை தங்கச்சியோ எண்டு கேக்க வேணும்."

"ஆசையைப் பார்!" என்று மகள் சிரித்தாள். அவள் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வோர் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அம்மாவுக்கு நடக்கக் கஷ்டமென்றால் குகைக்குப் போகாமல் கடற்கரை. அப்பாவுக்கு மலகாத் துறைமுகம். றெஜினா அதையெல்லாம் கேட்டு, வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம், ஞாயிறு கோயிலுக்குப் பிறகுதான் ஊர் சுற்றல் என்று திருத்தம் சொல்லுவாள். தொலைபேசி அணைந்ததும் கதிரையிலேயே சரிந்துவிடுவாள். அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தும்போது, கையில் பாரமே இல்லையே என்று செபமாலையின் நெஞ்சு வெடிக்கும்.

விசயம் தெரிந்த ஒரே வெளியாள் பங்கில் பாட்டுக்குழு நடத்தும் யோசெப் அண்ணைதான். கோயில் வாசலில் வைத்து அவர் செபமாலையை மடக்கினார். "தம்பி, பிள்ளையைக் கூப்பிடு. இப்ப எண்டால் அவள் பறக்கலாம். பேந்து வயிறு பெருத்தால் பிளேனிலை ஏத்தமாட்டாங்கள்."

"சத்தியம் பண்ணிப்போட்டன் அண்ணை."

"சத்தியத்தை நான் பங்குச் சுவாமியிட்டைச் சொல்லித் தீர்த்துவிடுறன். நீ சொல்லு."

அடுத்த நாள் துறைமுக வாசலில் ட்றக் வரிசை நகராமல் நின்றது. செபமாலை துணிந்து மகளுக்கு அழைத்தார். "பிள்ளை, ஒரு கதை சொல்லவேணும்..."

"நான் முதல் சொல்லுறன் அப்பா! டொக்டரிட்டைப் போட்டு இப்பதான் வாறன். பிள்ளை நல்லா இருக்காம். பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நான் பயமில்லாமல் இருக்கிறன். அப்பா? அழுறீங்களோ?"

"சந்தோசத்திலை, பிள்ளை."

"சரி, நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்கள்?"

பின்னால் நின்ற ட்றக் ஹோர்ன் அடித்தது. "ஒண்டுமில்லை. அந்தப் பூநாரை ஆவணியிலையும் நிக்குமோ எண்டு கேக்க எடுத்தனான்."

"தண்ணி வத்தினால் பறந்திடும் அப்பா. கெதியா வாங்கோ."

ஆவணி வந்தது. கம்பனி லீவு தரவில்லை, ஒக்டோபரில் பிள்ளை பிறக்கும்போது வருகிறோம் என்றார் செபமாலை. வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பெரிய பொய்யை மகள் நம்பிவிட்டாள். இரண்டு ஞாயிறு கோபத்தில் அழைக்கவே இல்லை. அந்த இரண்டு ஞாயிறும் றெஜினா உதட்டுக்குச் சாயம் பூசி, பவுடர் போட்டு, சீனிப் போத்தலின் முன்னால் காத்திருந்தாள்.

செப்ரெம்பரில் அவளை அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். மருந்தின் மயக்கத்தில் கிடந்தவள், ஒருநாள் காலை கண்ணைத் திறந்து கதவையே பார்த்தாள்.

"அனோ வந்திட்டாளோ?"

செபமாலை கட்டிலுக்குக் கிட்ட வந்தார். "இல்லையப்பா."

"ஏன் வரேல்லை? பிள்ளையை வரச்சொல்லுங்கோ. எனக்குப் பயமா இருக்கு."

சத்தியம் வாங்கியதை அவள் மறந்துபோனாள். வாங்கியவளே மறந்த சத்தியத்தைச் சுமந்துகொண்டு செபமாலை நடைபாதைக்கு ஓடினார். இந்த முறை படம் வரும்படியே அழைத்தார். ஒளிய இனி என்ன இருக்கிறது?

மகள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றாள். நிறைமாத வயிறு திரையை மறைத்தது. "அப்பா, என்ன? அம்மா எங்கை?"

அவர் சொன்னார். தொடக்கத்திலிருந்து எல்லாம் சொன்னார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"சித்திரையிலை, பிள்ளை."

"சித்திரையிலை எனக்கு மூண்டு மாசம்." அவளுடைய குரல் அழவில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. "வந்திருப்பன் அப்பா. அம்மாவோடை நிண்டிருப்பன். இப்ப ஒரு பிளேனிலையும் ஏறவிடமாட்டாங்கள். இவ்வளவு நாளும் என்னை ஊர் ஊராய்ப் படம் காட்டவிட்டுப் பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?"

"உன்ரை பிள்ளைக்காகத்தான்..."

"என்ரை அம்மா எனக்கில்லையோ?"

அவர் அறைக்குள் திரும்பி ஓடினார். "அம்மாவின்ரை காதிலை வையுங்கோ," என்றாள் அவள். வைத்தார். றெஜினாவின் கண்கள் மறுபடி மூடிவிட்டன. மகள் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இமை அசையவில்லை. மூச்சு மட்டும் இழுத்தது. பின்னேரம் அதுவும் நின்றது.

அடக்கத்தை அனோஜினி ஸ்பெயினிலிருந்து யோசெப் அண்ணையின் தொலைபேசி வழியாகப் பார்த்தாள். தகப்பனின் தொலைபேசி வழியாக அல்ல.

ஒக்டோபர் நடுவில் மனுவெல் ஒரு படம் அனுப்பினான். வெள்ளைத் துணிக்குள் சிவப்பாக ஒரு பெண்குழந்தை. றெஜினா எந்த உயிருக்காகத் தன் மகளின் முகத்தை நேரில் காணாமலே கண்ணை மூடினாளோ, அந்த உயிர் நலமாக இருந்தது. செபமாலை உடனே அழைத்தார். அதிசயமாக மகளே எடுத்தாள்.

"பிள்ளை, நான் வரட்டே? ஒருக்கால் பாத்திட்டு வந்திடுறன்."

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது. அனோஜினி அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப வேண்டாம் அப்பா."

"பேந்து எப்ப?"

"உங்களைப் பாத்தால் எனக்கு அம்மாவைக் காணாதது மட்டும்தான் ஞாபகம் வரும். கேக்காதேங்கோ."

அவர் கேட்கவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. மகள் தொலைபேசியை வைத்த பிறகும், அது அணைந்துவிட்டதென்று தெரிந்தும், காதில் வைத்தபடியே நின்றார்.