மைதீன் பிச்சை காலி செய்த கட்டடங்கள்

“அங்கிள், வாப்பா போயிட்டாரு” என்று மைதீன் பிச்சையின் மகள் பர்வீன் போனில் சொன்னபோது, நான் செம்பூரில் ஒரு குடியிருப்பில் லிப்ட்டுக்காகக் காத்து நின்றிருந்தேன். லிப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டது. மூடிய கதவை ஓங்கி ஓர் உதை விட்டேன். வாட்ச்மேன் பதறியடித்து ஓடிவந்து “க்யா ஹுவா சாப்?” என்றான். நண்பன் செத்துப்போனான் என்றேன். அவன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து நம் பொறியாளர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். ‘அமைதியானவர்’ என்று ஒருவர். ‘அதிர்ந்து பேசாதவர்’ என்று இன்னொருவர். யாரையப்பா சொல்கிறீர்கள்? நமக்குத் தெரிந்த மைதீன் பிச்சை முரடர். கட்டட இன்ஜினீயர்களில் அப்படியொரு முரடரை நான் கண்டதில்லை. உங்களில் பாதிப் பேர் அவர் எதிரே வந்தால் அடுத்த மாடிப்படியில் இறங்கியவர்கள். செத்துப்போனார் என்பதற்காக அவரைச் சாதுவாக்காதீர்கள். நான் எழுதப்போவது அந்த முரடரைப் பற்றித்தான்.

அவருடைய குடும்பம் மேலப்பாளையத்திலிருந்து தாராவிக்கு வந்தது. நான் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே தொழில். பழைய கட்டடங்களைச் சோதித்துப் பார்த்து, உள்ளே இருக்கலாமா, இறங்கிவிட வேண்டுமா என்று சொல்லுவோம். நான் சொல்லிவிட்டு பில் அனுப்புவேன். அவரோ, குடியிருப்பவர்கள் இறங்கும்வரை அங்கேயே நிற்பார்.

பாண்டுப்பில் ஒரு காண்ட்ராக்டர், கான்கிரீட் போட்ட தளத்துக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக்களை அவசரமாகப் பிரிக்கப் பார்த்தான். அடுத்த சைட்டுக்கு முட்டு வேண்டுமாம். “பிரிக்கலாம்வே, தப்பே இல்ல” என்றார் மைதீன். காண்ட்ராக்டர் முகம் மலர்ந்தது. மறுநிமிடம் அவன் சட்டைக்காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய்த் தளத்துக்கு நடுவில் நிறுத்தினார். “நீ இங்கனயே நில்லு. ஏல, இப்பப் பிரிங்கல!” அவன் திமிறினான், கையைக் கடித்தான், அம்மாவைக் கூப்பிட்டான். இவர் பிடியை விடவில்லை. முட்டைப் பிரிக்க ஒருவனும் வரவில்லை. பற்கள் பதிந்த கையோடு என்னுடன் ரயிலில் வந்தவர், காட்கோபர் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

தாராவிச் சம்பவம் உங்கள் எல்லாருக்கும் தெரியும் என்றாலும், கூட இருந்தவன் நான் ஒருவன்தான். தோல்பை தைக்கும் பட்டறைகள் நிறைந்த மூன்று மாடிக் கட்டடம். உரிமையாளர் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். கீழ்த்தளத்து பில்லர் ஒன்றில் பூச்சு வெடித்து, உள்ளே இருந்த கம்பிகள் வில்லாக வளைந்து வெளியே பிதுங்கி நின்றன. மைதீன் அதில் காதை வைத்தார். “முனங்குதுவே” என்றார். மாடி மாடியாக ஏறி, முக்கால் மணி நேரம் கெஞ்சினார். சாயந்திரம் சரக்கு அனுப்ப வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

பிறகு அடிக்க ஆரம்பித்தார். மெயின் சுவிட்சைப் பிடுங்கினார். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களைப் பிடரியில் போட்டு எழுப்பினார். கதவைச் சாத்திக்கொண்ட முதலாளியைக் கதவோடு சேர்த்து உதைத்தார். நான் குறுக்கே போய், “யோவ் மைதீன், முதல்ல முட்டு வரட்டும், கொஞ்சம் நிதானமா” என்றேன். விட்டார் ஓர் அறை. என் கண்ணாடி மாடிப்படியில் உருண்டு கீழ்த்தளத்தில் போய் உடைந்தது. அந்த அறை அநாவசியம் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன், நான் இறங்கத் தயாராகத்தான் இருந்தேன். பிறகு சம்மட்டியோடு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர் டேங்கை உடைத்தார். அவ்வளவு பாரமும் இறங்க வேண்டுமே! தண்ணீர் படியெல்லாம் வழிந்து, தைத்து வைத்திருந்த பைகளை நனைத்தது. தெருவுக்கு இறங்கியவர்கள் பெல்ட்டைக் கழற்றி அவரை விளாசினார்கள். பெல்ட் கொக்கி பட்டு நெற்றி கிழிந்தது.

கட்டடம் விழவில்லை. அன்றைக்கும் விழவில்லை, அந்த வாரமும் விழவில்லை. உரிமையாளர் சத்தமில்லாமல் முட்டுக் கொடுத்து, முறைப்படி இடித்துவிட்டார். தாராவி முழுக்க மைதீனைப் பைத்தியம் என்றது. பட்டறைக்காரர்கள் அடிதடி வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் நம் சங்கத்தில் முதுநிலை உறுப்பினராக விண்ணப்பிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பொறுப்பான வேலையில் பல வருட அனுபவம், மூன்று முதுநிலை உறுப்பினர்களின் பரிந்துரை, தான் செய்த முக்கியமான வேலை ஒன்றைப் பற்றித் தேர்வுக் குழுவுக்கு முன்னால் விளக்கம். இவ்வளவும் வேண்டும். பரிந்துரைக்க என்னிடம்தான் முதலில் வந்தார். அறை வாங்கியவனிடமே வருகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னத்துக்குய்யா உமக்கு அது? விசிட்டிங் கார்டுல போடவா?” என்றேன்.

“பேருக்குப் பொறவால அது இருந்தா, நான் எழுதிக் குடுத்த உடனே இறங்கிருவானுவ. ஒருத்தனையும் அடிக்க வேண்டாம். எனக்கும் கை வலிக்கும்லாவே.”

கையெழுத்துப் போட்டேன்.

தன் முக்கியமான வேலையாக அவர் சொன்னது அந்தத் தாராவிக் கட்டடத்தை. பாலம் கட்டினேன், அணை கட்டினேன் என்று எல்லாரும் படம் காட்டும் இடத்தில், ஒரு கட்டடத்தைக் காலி செய்தேன் என்று சொல்லிவிட்டு நின்றார். குழுத் தலைவர் தமிழர், கண்டிப்பானவர். “ஆனா கட்டடம் விழலையே?” என்று கேட்டார்.

“பாரம் பூராத்தையும் இறக்கியாச்சு சார். பொறவு எதுக்கு விழும்?”

“விழுந்திருக்கும்னு எப்படி நிரூபிப்பீங்க?”

“எல்லாத்தையும் திரும்ப ஏத்தித்தான் நிரூபிக்கணும். ஏத்திப் பாத்துருவோமா?”

“இன்னொரு தடவை இப்படிச் செய்வீங்களா?”

“செய்ய மாட்டேன் சார். முக்கால் மணி நேரம் பேசிக்கிட்டு நின்னேன் பாருங்க, அதைச் செய்யவே மாட்டேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று.

வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகு மறுபடியும் விண்ணப்பித்தார். இந்தத் தடவை, “வாயைத் திறந்து ஏதாவது ஏடாகூடமாச் சொன்னீர், அங்கேயே எழுந்து பரிந்துரையை வாபஸ் வாங்குவேன்” என்று மிரட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். குழுவில் அதே கேள்வி வந்தது. மறுபடியும் அடிதடியில் இறங்குவீர்களா? அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “தேவைப்படாது சார். இனிமே என் கையெழுத்தே போதும்” என்றார். என் மிரட்டலுக்குப் பயந்து சொன்ன பதில் இல்லை அது. மனதார நம்பித்தான் சொன்னார். முதுநிலை உறுப்பினர் ஆனார். புதிதாக ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்து, என் வீட்டு நியூஸ்பேப்பரில் குத்திக் குத்திப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

கடைசிக் கட்டடம் சுனாபட்டியில், மூன்று மாடிச் சால். ஒவ்வொரு மாடியிலும் வரிசையாக அறைகள், முன்னால் பொதுவான கேலரி. தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். பின்பக்கத்து பில்லர்களைப் பார்த்துவிட்டு, உடனே காலி செய்ய வேண்டும் என்று கடிதம் எழுதி, ஸ்டாம்ப் குத்தி, வாசலில் ஒட்டினார். அதிகாரிகளுக்கும் கொடுத்தார். வரிசைப்படி பார்ப்போம் என்றார்கள்.

மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது. “வே, மரியாதை எக்கச்சக்கமாக் கிடைக்குது. சேர் போடுதானுவ, டீ குடுக்கானுவ, சார் சார்ங்கானுவ. ஒருத்தனும் இறங்க மாட்டேங்கான்.”

அவர்களை மடையர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் அறையை விட்டு ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏற விடமாட்டார்கள் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் டாக்சி பிடித்துப் போனேன். சந்து திரும்பும் இடத்தில், குழாயடிக்குப் பக்கத்தில், சாலில் இருப்பவர்களின் பைக்குகள் நிற்கும். மைதீன் சம்மட்டியால் அவற்றை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். ஹெட்லைட், டேங்க், மீட்டர். உடைக்கும்போதே எல்லார் வீட்டுப் பெண்களையும் சேர்த்து, எழுத முடியாத வார்த்தைகளில் ஏசிக்கொண்டிருந்தார்.

திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். அவர் சம்மட்டியைத் தூர எறிந்தார். முதல் அடி முகத்தில் விழுந்தது. திருப்பி அடிக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே பின்னால் பின்னால் போனார், மெயின் ரோடு வரைக்கும். இரும்புக் குழாயால் விலாவில் அடித்தார்கள். கீழே விழுந்தவரை மிதித்தார்கள். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. “விடுங்கடா, செத்துடுவான்டா!” என்று பாய்ந்த என்னை யாரோ சாக்கடையில் தள்ளினார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள், தடுக்கச் சிலர், பார்க்கப் பலர். போலீஸ் வந்து ஐந்து பேரை வண்டியில் ஏற்றியது. அவர்களை விடச் சொல்லிக் குடும்பங்கள் அத்தனையும் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தன.

அன்று பிற்பகல் சாலின் பின்பாதி இடிந்து உட்கார்ந்துவிட்டது. அதில் ஆளே இல்லை. முன்பாதியில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு கிழவியைத் தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்ததும் இதைச் சொன்னேன்.

“அடிக்கறச்சே ஏன்யா பின்னாலேயே போனீர்? அங்கேயே உட்கார்ந்திருந்தா நாலு அடியோட போயிருக்குமே?” என்றேன்.

“வாசல்ல நின்னு அடி வாங்கினா, கேலரியில நின்னு வேடிக்கை பாப்பானுவ. அம்புட்டுப் பேரும் கேலரிக்கு வந்தா அது தாங்குமாவே? நீரெல்லாம் என்ன இன்ஜினீயரு?” மூச்சு வாங்கியது. “அந்தப் பயலுவள விடச் சொல்லும். நான் பைக்கை உடைச்சேன், அவனுவ அடிச்சானுவ. சரியாப் போச்சு.”

சரியாகப் போகவில்லை. உள்ளே ரத்தக்கசிவு நிற்காமல் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த ஐந்து பேர்மீதும் கொலை வழக்கு.

அவர்களுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். நான் அதில் கையெழுத்துப் போட மாட்டேன். பர்வீன் என்னிடம், “அவங்களை விடச் சொல்லி வாப்பா சொன்னாருல்ல, நீங்களே கோர்ட்டுல சொல்லிடுங்க அங்கிள். என்னால முடியாது. எனக்கு அவங்களைக் கொல்லணும்போல இருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இரும்புக் குழாய் வைத்திருந்தவனின் முகத்தை நினைத்தாலே ரத்தம் கொதிக்கிறது. இருந்தாலும் அன்று நான் கண்டதையும் அவர் சொன்னதையும் கோர்ட்டில் சொல்லத்தான் போகிறேன்.

போன வாரம் சிறைக்குப் போய் அவர்களைப் பார்த்தேன். வணக்கம் சொன்னார்கள், நான் திருப்பிச் சொல்லவில்லை. குழாய் வைத்திருந்தவன்தான் கம்பிக்குப் பக்கத்தில் வந்தான். “சார், பில்டிங் விழுந்துடுச்சுன்னு போலீஸ்காரங்க சொல்றாங்க. சும்மா சொல்றாங்கதானே? எங்க வீடு பின்பக்கம் சார், ரெண்டாவது மாடி” என்றான். விழுந்துவிட்டது, இரண்டாவது மாடி தரையில் கிடக்கிறது என்றேன். அவன் அப்படியே கீழே உட்கார்ந்து, தலையைக் கம்பியில் மோதிக்கொண்டு அழுதான்.

மைதீனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஐந்து பேர்தான். அவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருக்கிறார்கள்.