முரட்டுச் சாக்கும் ஆறு காடைக்குஞ்சுகளும்

இருபத்தாறு ஆண்டுகளில் அவர் கட்டி அனுப்பிய பெட்டிகளில் உடைந்துபோன கண்ணாடிச் சாமான்கள் ஒன்பது. எந்த ஆண்டு, எந்தப் பெட்டி, குடுவையா கோப்பையா என்று ஒன்பதையும் வரிசையாகச் சொல்வார். கண்ணாடித் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவருக்குப் பெயர் பஞ்சக்கா. எதையும் பஞ்சு வைத்துக் கட்டுவதால் வந்த பெயர். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் இப்போது அவருக்கு வேறு பெயர் கிடையாது.

வயது ஐம்பத்திரண்டு. உட்காரத் தெரியாதவர். விடுமுறை நாளில் வீட்டில் இருக்க நேர்ந்தால், அலமாரித் தட்டுகளை இறக்கி, இடையிடையே ஒரு தாள் வைத்துத் திரும்ப அடுக்குவார். கணவர் தையற்காரர், முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். சக்கரம் என்றாலும் ஒரு நேரம் நிற்கும், இவள் நிற்கமாட்டாள் என்று அளவெடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

தொழிற்சாலைக்குச் சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவர் வீட்டில் காடை வளர்க்கிறார். ஒரு நாள் செல்போனில் குஞ்சுகளின் படத்தைக் காட்டினார். கட்டைவிரல் அளவு, முதுகில் கறுப்புக் கோடு. பஞ்சக்கா கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் கைவேலையை நிறுத்தியதே அன்று முழுக்கப் பிரிவில் பேச்சாக இருந்தது. எனக்கு ஆறு வேண்டும் என்றார். வளர்க்கத்தான், சமைக்க இல்லை என்று இரண்டு தரம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மாலை, பொரித்து ஒரு நாளே ஆன ஆறு குஞ்சுகள் செருப்புப் பெட்டியில் வந்தன. அடியில் ஒரு துண்டுச் சணல்சாக்கு.

பஞ்சக்கா முதலில் செய்த வேலை, அந்தச் சாக்கை எடுத்துக் குப்பையில் போட்டதுதான். உள்ளங்கையால் தடவிப் பார்த்திருந்தார், சொரசொரவென்று இருந்தது. அவருடைய தொழிலில் முரடு என்றால் கீறல், கீறல் என்றால் விரிசல். அகலமான அட்டைப்பெட்டி ஒன்றில், கோப்பைகளைச் சுற்றும் மெல்லிய வழவழத் தாளை நான்கு அடுக்காக விரித்தார். சூட்டுக்கு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். அவை வழுக்கின. புது இடம், பழகிக்கொள்ளும் என்று நினைத்தார்.

புதன்கிழமை காலை ஐந்து குஞ்சுகள் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தன. ஆறாவது, எல்லாவற்றிலும் சின்னது, மார்பு தரையில் பட, இரண்டு கால்களும் இரண்டு பக்கம் விரிந்து கிடந்தது. எழ முயன்றது. கால்கள் இன்னும் விலகின. தையற்காரர் எட்டிப் பார்த்து, இதென்ன பல்லி மாதிரி கிடக்கிறது என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்தே பஞ்சக்கா டிரைவரைக் கூப்பிட்டார். அவர் வெளியூர் லோடில் இருந்தார். கால் விரிந்த குஞ்சை முதல் சில நாளிலேயே நிமிர்த்திவிட வேண்டும், எலும்பு இறுகிவிட்டால் அது நிற்கவே நிற்காது, நிற்காதது தீனிக்குப் போகாது என்றார். வெள்ளிக்கிழமை மதியம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, சாக்கு இருக்கிறது என்ற நினைப்பில். பஞ்சக்காவும் சொல்லவில்லை. எதன் அடியில் எதை வைப்பது என்று இருபத்தாறு ஆண்டுகளாக யாரும் அவரைக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வழவழத் தாள் போய்ப் பஞ்சு வந்தது. வழுக்கல்தான் குறை, இன்னும் மெத்தென்று இருந்தால் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. ஒரு மணி நேரத்தில் இரண்டு குஞ்சுகளின் விரல்களைப் பஞ்சிழை சுற்றி இறுக்கியிருந்தது. தையற்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நூல் வெட்டும் கத்தரியால் இழை இழையாக எடுத்தார்.

வியாழக்கிழமை மரத்தூள். மரப்பெட்டி அடிக்கும் பிரிவிலிருந்து ஒரு பை அள்ளி வந்து விரல் தடிமனுக்குப் பரப்பினார். குஞ்சுகள் தும்மின. பிறகு அதைத் தீனி என்று நினைத்துக் கொத்தத் தொடங்கின. கண்ணாடி ஒருபோதும் தான் படுத்திருப்பதைத் தின்றதில்லை. பஞ்சக்கா குஞ்சுகளைச் செருப்புப் பெட்டிக்கு மாற்றி, தூளைக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டு, வேறு வழி தோன்றாமல் பழைய வழவழத் தாளையே மறுபடி விரித்தார். பல்லியின் வாயில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைத்தார். அதன் அலகு மெல்லத் திறந்து மூடியது.

வெள்ளிக்கிழமை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டி ஒட்டும் நாடாவை இரண்டு தரம் கோணலாக ஒட்டினார். பத்தரை மணிக்கு ஒரு கோப்பை கைநழுவி மேசையிலேயே உடைந்தது. பெட்டிக்குள் போகாததால் அது கணக்கில் வராது என்று பக்கத்தில் நின்ற பெண் சமாதானம் சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அரைநாள் லீவு கேட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

டிரைவர் தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு வந்து பெட்டிக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"சாக்கு எங்கக்கா?"

"முரடா இருந்துச்சு தம்பி. தூக்கிப் போட்டுட்டேன்."

"முரடா இருக்கணும்னுதானே போட்டேன். கால் எதுலயாவது ஊனணும்ல? கண்ணாடி அசையக் கூடாது, சரி. இது அசையலைன்னா செத்துடும்க்கா."

பஞ்சக்கா கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மெஷின் பக்கமிருந்து கணவர் கேட்டார்: "அப்போ இது பத்தாவதா?"

"இன்னும் உடையலைங்க," என்றார் பஞ்சக்கா.

தையற்காரர் எழுந்தார். காலருக்கு வைக்கும் கேன்வாஸ் துணியில் பெட்டியின் அளவுக்கு வெட்டி, இழை பிரியாதபடி நான்கு ஓரமும் மடித்துத் தைத்துக் கொடுத்தார். பஞ்சக்கா அதை உள்ளங்கையால் தடவினார். சொரசொரவென்று இருந்தது. மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் பெட்டியின் அடியில் ஒட்டினார். டிரைவர் மென்மையான மருத்துவப் பட்டியில் மெல்லிசாக ஒரு கீற்று நறுக்கி, பல்லியின் இரண்டு கால்களையும் நிற்கும் அகலத்துக்கு இணைத்துக் கட்டினார். கீழே விட்டதும் அது மூக்குக் குப்புற விழுந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை நகம் கேன்வாஸின் இழையில் மாட்டியது. உடம்பு மேலே வந்தது. ஆடிக்கொண்டே நின்றது.

டிரைவர் போன பிறகும் பஞ்சக்கா பெட்டியைவிட்டு நகரவில்லை. உட்கார்ந்துதான் இருந்தார் என்று தையற்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார், யாரும் நம்பவில்லை.

திங்கட்கிழமை மாலை கட்டை அவிழ்த்தார்கள். பல்லி தீனித் தட்டுக்கு மற்ற ஐந்தையும் இடித்துக்கொண்டு ஓடியது. வலது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது வாரம், கால்கள் உறுதியானதும், கேன்வாஸை எடுத்துவிட்டு மரச்சீவல் போட வேண்டும். தூள் இல்லை, இழைக்கும்போது வருகிற சுருள். அதுவும் வாசனை இல்லாத, பெயின்டோ மருந்தோ படாத மரம். மரப்பெட்டிப் பிரிவில் பஞ்சக்கா ஒரு சாக்கு நிறையச் சீவலுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போய் வாங்கி, சலித்துப் போடுவார்.